மருத்துவமனைக் கிருமியின் தடம்: டி.என்.ஏ. வகைப்படுத்தலும் 2010-ஆம் ஆண்டுச் சென்னை ஆய்வும்

மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு நோயாளிக்குப் புதிதாகத் தோன்றும் தொற்றைப் பொதுவாக மருத்துவமனைசார் தொற்று என்று கணக்கிடுகிறார்கள். அறுவைப் புண்ணில் சீழ் வைப்பது, சிறுநீர்க் குழாய் வழியாக வரும் தொற்று, வென்டிலேட்டரில் இருப்பவருக்கு வரும் நிமோனியா, ரத்தத்தில் கிருமி கலப்பது ஆகியவை இதில் முக்கியமானவை. ஒரே வார்டில் பலருக்கு இப்படித் தொற்று வரும்போது, அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவியதா, தனித்தனியாக வந்ததா என்று அறிய வேண்டும். அதற்காகக் கிருமிகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்க்கும் முறைகளை டி.என்.ஏ. வகைப்படுத்தல் என்கிறோம். இம்முறைகள் வளர்ந்த விதத்தையும், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரின் பெயரை முதலில் கொண்டு 2010-இல் வெளியான ஒரு கட்டுரையில் அவை காட்டிய உண்மையையும் இங்கே காண்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மா இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சைக்காக ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தார். பத்தாம் நாள் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. அதே வரிசையில் இன்னும் இருவருக்கும் அப்படியே ஆயிற்று. மூவருடைய கல்ச்சர் பரிசோதனைத் தாளிலும் ‘கிளெப்சியெல்லா’ என்றே எழுதியிருந்தது. “ஒரே கிருமிதான், இங்கதான் ஒட்டிக்கிச்சு” என்று எங்கள் வீட்டார் முடிவு கட்டிவிட்டார்கள். அங்கிருந்த இளம் டாக்டர், “பேர் ஒண்ணா இருந்தா கிருமியும் ஒண்ணுன்னு சொல்ல முடியாதுங்க சார்” என்றார். முப்பது வருடம் அறிவியல் நடத்திய எனக்கே அந்தப் பதில் அன்று சாக்குப்போக்காகத்தான் பட்டது. பிறகு படித்துப் பார்த்தபோது அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது தெரிந்தது. ஒன்றா இல்லையா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது, அதை யாரும் செய்து பார்க்கவில்லை என்பது மீதிப் பாதி.

பெயர் ஒன்று, ஆள் வேறு

எங்கள் பள்ளியில் ஒரு வருடம் ஒரே வகுப்பில் நான்கு முருகேசன்கள் இருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் இனிஷியல் போட்டுத்தான் பிரிப்போம். கிளெப்சியெல்லா நிமோனியே என்பதும் அப்படிப்பட்ட பெயர்தான். அது நம் எல்லோருடைய குடலிலும், மண்ணிலும், சாக்கடையிலும் வாழக்கூடிய ஒரு பாக்டீரியா இனம். அந்த இனத்துக்குள் ஆயிரக்கணக்கான திரிபுகள் உண்டு. பரிசோதனைத் தாள் சொல்வது இனத்தின் பெயரை மட்டுமே. இனிஷியலைச் சொல்வது வகைப்படுத்தல்.

இனிஷியல் எதற்கு என்று கேட்கலாம். மூன்று நோயாளிகளிடமும் ஒரே திரிபு இருந்தால், அவர்களுக்கு நடுவே ஏதோ ஒன்று அதைக் கொண்டு போயிருக்கிறது: கழுவாத கை, பலருக்குப் பயன்பட்ட மருந்துக் கரைசல், கை கழுவும் தொட்டி, ஒரு கருவியின் குழாய். அந்த வழியைத் தேடி அடைக்க வேண்டும். மூன்றும் வெவ்வேறு திரிபுகள் என்றால், ஒவ்வொருவருடைய உடம்பில் ஏற்கெனவே இருந்த கிருமியே புண்ணில் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது வார்டு முழுவதும் மருந்தடித்துக் கழுவினாலும் பெரிய பலன் இராது. அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய தயாரிப்பையும், ஆன்டிபயாடிக் கொடுக்கும் பழக்கத்தையும்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஆக, நோய்க்கு மருந்து எழுதுவதற்கு இனத்தின் பெயரும் மருந்துணர்திறனும் போதும். பரவலை நிறுத்துவதற்குத்தான் இனிஷியல் வேண்டும்.

டி.என்.ஏ.வுக்கு முன்

இந்தக் கேள்வி டி.என்.ஏ.வை விடப் பழையது. ஒரு பாக்டீரியாவைக் குறிப்பிட்ட ஃபேஜ்கள், அதாவது பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்கள், தாக்குகின்றனவா என்று பார்த்து வகை பிரிக்கும் முறையை டைபாய்டு கிருமிக்காக 1938-இல் கனடாவில் கிரெய்கி, யென் ஆகிய இருவரும் கொண்டுவந்தார்கள். ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு திரிபுகளில் ஒன்றை அழிக்கும் ஃபேஜ் இன்னொன்றை அழிக்காமல் போகும். எந்தெந்த ஃபேஜ் அழிக்கிறது என்ற பட்டியலே அந்தத் திரிபின் வகை.

1950-களில் மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவுகளை ஆட்டிவைத்த ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியின் ‘80/81’ என்ற திரிபு இப்படித்தான் அடையாளம் பெற்றது. ஆஸ்திரேலியாவில் முதலில் கவனிக்கப்பட்ட அது பெனிசிலினுக்கு அடங்காமல் பல நாடுகளுக்கும் பரவியது. அந்த 80, 81 இரண்டும் அதைத் தாக்கிய ஃபேஜ்களின் எண்கள். இந்தியாவில் சால்மோனெல்லாவுக்கான தேசிய ஃபேஜ் மையம் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியிலும், ஸ்டெஃபிலோகாக்கஸுக்கானது அதே நகரின் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியிலும் இயங்கின.

இன்னொரு பழைய முறை, எதிர்ச்சீரத்தோடு கிருமியைக் கலந்து திரிகிறதா என்று பார்ப்பது. இதில் நம் ஊர் சம்பந்தப்பட்ட ஒரு செய்தி உண்டு. 1992-இன் பிற்பகுதியில் சென்னையில் காலரா நோயாளிகளிடம் கிடைத்த விப்ரியோ கிருமி, அதுவரை தெரிந்திருந்த 138 எதிர்ச்சீரங்களில் எதிலும் திரியவில்லை. அதனால் அது ஓ139 ஆயிற்று. வேலூரிலும் கொல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் அதுவே பரவியது. சீரம் ‘இது புதியது’ என்றது, டி.என்.ஏ. ஒப்பீடோ, வெளிச்சட்டையை மாற்றிக்கொண்டு வந்த பழைய எல்டார் காலராக் கிருமியின் நெருங்கிய உறவு என்று காட்டியது. வெளித்தோற்றத்தை வைத்து வகை பிரித்தால் எங்கே ஏமாறுவோம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

வெட்டி, ஓடவிட்டு, பார்ப்பது

டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட வரி. ஈ.கோலை பாக்டீரியாவில் அந்த வரி சுமார் 46 லட்சம் எழுத்து நீளம். நேராக நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு வரும். ஆயிரத்தில் இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் உயிருக்குள் அது மடிந்து கிடக்கிறது. 1980-களில் இத்தனை எழுத்தையும் படிக்க யாராலும் முடியாது. படிக்காமலே ஒப்பிட ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள்.

ஒரு நாளிதழின் ஒரே பதிப்பில் இரண்டு படிகளை எடுத்துக்கொள்ளுங்கள். செய்திகளையெல்லாம் ஒரே நீள வரியாக ஒட்டி, ‘ஆனால்’ என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் கத்தரியுங்கள். இரண்டு படிகளிலும் ஒரே அளவுள்ள துண்டுகள் கிடைக்கும். வேறு பதிப்பை எடுத்து அதேபோல் கத்தரித்தால் சில துண்டுகள் மாறும். வேறு பத்திரிகை என்றால் எல்லாமே மாறிவிடும். ஒரு செய்தியைக்கூடப் படிக்காமல், துண்டுகளின் நீளத்தை மட்டும் அளந்து இதைச் சொல்லிவிடலாம்.

டி.என்.ஏ.வில் கத்தரிக்கோல் வேலையைச் செய்பவை வெட்டு நொதிகள். எக்ஸ்பிஏ-1 என்ற நொதி டி-சி-டி-ஏ-ஜி-ஏ என்ற ஆறெழுத்துச் சொல்லைக் கண்டால் மட்டும் வெட்டும். ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல் பாக்டீரியாக்களில் அந்தச் சொல் அரிது. ஆகவே சுமார் 20 பெரிய துண்டுகள் மட்டுமே கிடைக்கும். எண்ணிப் பார்க்க அது வசதியான தொகை.

அடுத்தது, துண்டுகளை நீளவாரியாகப் பிரிப்பது. டி.என்.ஏ.வுக்கு எதிர்மின் தன்மை உண்டு. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸ் ஜெல்லில் அதை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் நேர்மின் முனையை நோக்கி ஓடும். சிறிய துண்டு வேகமாகவும் பெரிய துண்டு மெதுவாகவும் நகரும். சாக்பீஸின் அடியில் மைப் பொட்டு வைத்துத் தண்ணீரில் நிறுத்தினால் நிறங்கள் பிரிந்து ஏறுவதை மாணவர்கள் செய்து பார்த்திருப்பார்கள். இதுவும் அதன் உறவுக்கார முறைதான். ஒரு சிக்கல் இருந்தது. சுமார் 50,000 எழுத்துக்கு மேற்பட்ட துண்டுகள் எல்லாம் பாம்பு போல ஜெல்லில் நுழைந்து ஒரே வேகத்தில் போய்விடும், பிரியாது.

1984-இல் அமெரிக்காவின் டேவிட் ஸ்வார்ட்ஸ், சார்லஸ் கேண்டர் இருவரும் இதற்கு வழி கண்டார்கள். மின்சாரத்தின் திசையைக் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள். தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நேர்சாலையில் மோட்டார் சைக்கிளும் நீளமான டிரெய்லர் லாரியும் ஒரே வேகத்தில் போகலாம். தொப்பூர் கணவாயின் வளைவுகளில் லாரி திரும்பித் திரும்பிப் பின்தங்கிவிடும். திசை மாறும்போதெல்லாம் நீளத் துண்டுகள் திரும்ப நேரம் எடுத்துக்கொள்வதால் பின்தங்கிப் பிரிகின்றன. இது துடிப்புப்புல ஜெல் முறை எனப்படுகிறது. ஆய்வகத்தில் சுருக்கமாக பி.எஃப்.ஜி.இ. என்பார்கள். ஓடி முடிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பிறகு சாயம் ஏற்றிப் புற ஊதா ஒளியில் பார்த்தால், கடைப் பொருள்களில் இருக்கும் பார்கோடு போலப் பட்டைகள் தெரியும்.

இரண்டு பார்கோடுகள் எவ்வளவு ஒத்திருந்தால் ஒன்று என்று சொல்லலாம்? ஆளுக்கொரு அளவுகோல் வைத்துக்கொண்டிருந்த நிலையில், 1995-இல் ஃபிரெட் டெனோவரும் அவருடைய குழுவினரும் ஒரு பொது விதி வகுத்தார்கள். வித்தியாசமே இல்லையென்றால் ஒரே திரிபு. 2 அல்லது 3 பட்டை மாறினால் நெருங்கிய உறவு. 4 முதல் 6 வரை என்றால் உறவு இருக்கலாம். 7-ம் அதற்கு மேலும் என்றால் வேறு. ஒற்றை எழுத்து மாற்றம் ஒரு வெட்டுமிடத்தைக் கெடுத்தாலே இரண்டு மூன்று பட்டைகள் இடம் மாறிவிடும் என்பதுதான் இந்த எண்களுக்குக் காரணம். மறு ஆண்டே அமெரிக்காவில் உணவு வழித் தொற்றுகளைத் தேடுவதற்கான பல்ஸ்நெட் என்ற ஆய்வகக் கூட்டமைப்பு இம்முறையை வைத்துத் தொடங்கியது. 1998-இல் வந்த எம்.எல்.எஸ்.டி. முறை, வழக்கமாக ஏழு மரபணுக்களின் ஒரு பகுதியை மட்டும் படித்து, ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஓர் எண் கொடுத்தது. எஸ்.டி. 14, எஸ்.டி. 258 என்று கிளெப்சியெல்லாவுக்கு வரும் எண்கள் அவைதான். ஜெல் படத்தை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அனுப்பி ஒப்பிடுவது கடினம்; எண்ணை அனுப்புவது எளிது.

தரமணியில் ஓடிய ஜெல்

2008-இல் சுவீடனில் ஒரு நோயாளியின் சிறுநீரில் கிளெப்சியெல்லா நிமோனியே கிடைத்தது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அவர் அதற்கு முன் புது டெல்லியில் மருத்துவமனையில் இருந்தவர். கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பாபெனம் வகை ஆன்டிபயாடிக்குகளையே அந்தக் கிருமி சிதைத்தது. அதற்குக் காரணமான புதிய நொதிக்கு நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்-1, சுருக்கமாக என்.டி.எம்.-1, என்று பெயரிட்டு 2009 டிசம்பரில் கட்டுரை வெளியிட்டார்கள். கிருமியின் எண் எஸ்.டி. 14.

அந்த நேரத்தில் சென்னைத் தரமணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை நிறுவனத்தில் கார்த்திகேயன் குமாரசாமி என்ற ஆய்வு மாணவர் மருந்துக்கு அடங்காத குடல் பாக்டீரியாக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் திமோதி வால்ஷ், லண்டனின் டேவிட் லிவர்மோர் உள்ளிட்டோரோடு சேர்ந்து அவரை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை 2010 ஆகஸ்ட் 11 அன்று ‘லான்செட் இன்ஃபெக்சியஸ் டிசீசஸ்’ இதழின் இணையப் பக்கத்தில் வெளியானது.

அதிலுள்ள எண்கள் இவை. என்.டி.எம்.-1 உள்ள கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73. பிரிட்டன் கிருமிகள் 29 நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்டவை. அவர்களில் 17 பேர் முந்தைய ஓராண்டுக்குள் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ சென்றவர்கள். 14 பேர் அங்கே மருத்துவமனையிலும் இருந்தவர்கள். பெரும்பாலான கிருமிகள் டைஜிசைக்ளின், கொலிஸ்டின் என்ற இரண்டு மருந்துக்கு மட்டுமே அடங்கின.

செய்தித்தாள்களில் வந்தது இதுவரைதான். கட்டுரையின் நடுவே வேறொரு முடிவும் இருந்தது. கிருமிகளை எக்ஸ்பிஏ-1 நொதியால் வெட்டித் துடிப்புப்புல ஜெல்லில் ஓடவிட்டிருந்தார்கள். ஹரியானாவின் 26-ம் கிளெப்சியெல்லாவே. அவற்றின் பார்கோடுகள் ஒரே குடும்பமாக ஒத்திருந்தன. சென்னையின் 44 அப்படியில்லை. 19 ஈ.கோலை, 14 கிளெப்சியெல்லா நிமோனியே, மீதி எண்டெரோபேக்டர் முதலிய வேறு இனங்கள். ஒரே இனத்துக்குள்ளும் பார்கோடுகள் பலவிதமாக இருந்தன. பிரிட்டன் கிருமிகளும் சென்னையைப் போலவே பலவகைப்பட்டிருந்தன.

இதைத் தேர்வறையில் வைத்து யோசித்தால் தெளிவாகும். கண்காணிப்பாளர் ஒரே ‘பிட்’டைப் பலமுறை பிடிக்கிறார். முதல் அறையில், அதைக் கையில் வைத்துக்கொண்டு மேசை மேசையாக உலாவியவன் ஒரே பையன். அவனைப் பிடித்து வெளியே அனுப்பினால் விஷயம் முடிந்தது. இரண்டாவது அறையில் பிட் கைமாறிக்கொண்டிருக்கிறது. வேறு வேறு பள்ளி, வேறு வேறு வகுப்புப் பையன்கள் நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். இங்கே பையன்களை அடையாளம் கண்டு பயனில்லை. பிட் எப்படி உள்ளே வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ஹரியானா முதல் அறை. ஒரு திரிபு நோயாளியிலிருந்து நோயாளிக்குப் போயிருக்கிறது. கை கழுவுதல், தனிமைப்படுத்தல், கருவிகளைச் சுத்தம் செய்தல் ஆகிய பழைய வைத்தியமே அதற்குப் பொருந்தும். சென்னை இரண்டாவது அறை. திரிபுகள் பல, அவற்றுக்குள் பயணம் செய்தது மரபணு. பாக்டீரியாவின் முதன்மை டி.என்.ஏ.வுக்கு வெளியே பிளாஸ்மிட் என்ற சிறு வளையங்கள் இருக்கும். பக்கத்தில் இருக்கும் வேறு இனத்துக்குக்கூட அவற்றை நகலெடுத்துக் கொடுக்க பாக்டீரியாவால் முடியும். என்.டி.எம்.-1 பெரும்பாலும் அப்படிப்பட்ட வளையத்தில்தான் இருந்தது. ஆய்வாளர்கள் அதையும் சோதித்தார்கள்: சென்னை, பிரிட்டன் கிருமிகளின் வளையங்கள் ஆய்வகத்தில் வேறு பாக்டீரியாவுக்கு எளிதாக மாறின, ஹரியானாவினுடையவை மாறவில்லை. பார்கோடு சொன்னதும் இதுவும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன.

அந்தக் கட்டுரையில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி இதுவே. ஒரு மருத்துவமனையின் சுத்தக்குறைவை அந்த மருத்துவமனை சரிசெய்துகொள்ளலாம். இனம் விட்டு இனம் தாவும் மரபணு மருத்துவமனைச் சுவரோடு நிற்காது. கட்டுரையிலேயே, கிருமிகளில் பல வெளியில் இருந்தவர்களின் சிறுநீர்த் தொற்றிலிருந்து எடுக்கப்பட்டவை என்ற குறிப்பு இருந்தது. மறு ஆண்டு 2011-இல் வால்ஷ் குழுவினர் புது டெல்லியில் எடுத்த 171 தேங்கிய நீர் மாதிரிகளில் 51-லும், 50 குடிநீர் மாதிரிகளில் 2-லும் அந்த மரபணுவைக் கண்டார்கள்.

பெயர்ச் சண்டை

ஆகஸ்ட் மாதம் முழுவதும் நாட்டில் நடந்த விவாதமோ வேறு. ஒரு தலைநகரத்தின் பெயரைக் கிருமிக்கு வைக்கலாமா, இது நம்முடைய மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கச் செய்த சதியா என்ற கேள்விகள் நாடாளுமன்றம் வரை போயின. மத்திய சுகாதார அமைச்சகம் கட்டுரையின் முடிவுகளை மறுத்தது. கட்டுரையின் சில விளக்கங்களில் தமக்கு உடன்பாடில்லை என்று குமாரசாமியே பத்திரிகைகளிடம் சொன்னார். அறுவைச் சிகிச்சைக்கு இந்தியா செல்ல வேண்டாம் என்ற தொனியில் முடிந்த பகுதி, ஆய்வின் தரவுகளைத் தாண்டிப் போனது என்றே எனக்கும் படுகிறது. 2011 ஜனவரியில் டெல்லிக்கு வந்த லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன், நகரத்தின் பெயரை வைத்தது தவறு என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். பெயர் மட்டும் மாறவில்லை. இன்று என்.டி.எம். குடும்பத்தில் 20-க்கும் மேற்பட்ட வகைகள் அதே பெயரில் எண்ணிடப்பட்டுள்ளன.

கோபத்தில் நியாயம் இருந்தது. வகைப்படுத்தல் முறை எதுவும், இரண்டு கிருமிகள் ஒன்றா வேறா என்று சொல்லுமே தவிர, முதலில் எந்த ஊரில் பிறந்தது என்று தானாகச் சொல்லாது. அதே நேரத்தில், சதி என்றவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை: இதே செய்தி ஐந்து மாதம் முன்பே நம்முடைய இதழிலேயே வந்துவிட்டது. 2010 மார்ச்சில் இந்திய மருத்துவர்கள் சங்க இதழான ஜாபியில், மும்பை ஹிந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள் கார்பாபெனத்துக்கு அடங்காத 24 கிருமிகளைச் சோதித்து 22-இல் என்.டி.எம்.-1 இருப்பதை எழுதியிருந்தார்கள். அதே இதழில் சென்னைத் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் ஆன்டிபயாடிக்குகளுக்கு இரங்கல் என்ற பொருளில் தலையங்கம் எழுதினார். அப்போது யாரும் கூச்சலிடவில்லை.

பிறகு சில நல்ல காரியங்களும் நடந்தன. 2011-இல் தேசிய அளவில் ஒரு கொள்கை வகுக்கப்பட்டது. 2012 ஆகஸ்ட் 24 அன்று பல மருத்துவச் சங்கங்கள் கூடி ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. கஃபூர் அதை முன்னின்று நடத்தினார். கார்பாபெனம் உட்பட 46 மருந்துகள் எச்-1 அட்டவணையில் சேர்க்கப்பட்டு, 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. மருந்து அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருந்தால் அது இந்த வகை என்று அறியலாம். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துத் தனிப் பதிவேட்டில் எழுதிய பிறகே கொடுக்க வேண்டும். கொலிஸ்டினைக் கோழி, கால்நடைகளுக்குக் கொடுப்பதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது.

எழுத்துக்கு எழுத்து

ஜெல் முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஓர் ஊரில் எல்லா நோயாளிகளிடமும் ஒரே திரிபே சாதாரணமாகப் பரவியிருந்தால், பார்கோடு ஒத்துப்போவதில் புதிதாக எதுவும் தெரியாது. 2011-இல் அமெரிக்காவின் பெதஸ்டா நகரில், தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனையில் இதுதான் நடந்தது. ஜூன் மாதம் நியூயார்க்கிலிருந்து ஒரு பெண் கிளெப்சியெல்லா எஸ்.டி. 258-உடன் வந்தார். தனிமைப்படுத்தி, குணமாக்கி, ஜூலை நடுவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து ஆகஸ்டில் இன்னொருவருக்கு அதே இனம் தோன்றியது. முதல் பெண்ணிடமிருந்து வந்ததா? அமெரிக்காவில் அப்போது எஸ்.டி. 258 எங்கும் பரவியிருந்ததால் பட்டைகளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அங்குள்ள ஆய்வாளர்கள் ஒவ்வொரு கிருமியின் முழு மரபணுத் தொகுப்பையும் எழுத்துக்கு எழுத்து படித்தார்கள். 50 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாற்றங்களே இருந்தன. அந்த மாற்றங்களின் வரிசையைக் கொண்டு, முதல் பெண்ணிடமிருந்தே கிருமி தனித்தனியாக மூன்று முறை வெளியேறியது என்றும், நோய்க்குறி இல்லாமல் குடலில் சுமந்தவர்கள் வழியாக வாரக்கணக்கில் மறைந்து நகர்ந்தது என்றும் கண்டார்கள். சுத்தம் செய்து வைத்திருந்த ஒரு வென்டிலேட்டரிலும், கைகழுவும் தொட்டிகளின் வடிகாலிலும் அது இருந்தது. 18 பேருக்குப் பரவியதில் 11 பேர் இறந்தார்கள். அவற்றில் 6 மரணங்களுக்குக் காரணம் இத்தொற்றே. வசதிக்குக் குறைவில்லாத இடத்தில் நடந்த கதை இது.

அதே ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி பரவியது. பிரிவைத் தேய்த்துக் கழுவிய பிறகு, 64 நாள் கழித்து மறுபடி ஒரு குழந்தையிடம் கிடைத்தது. மரபணுத் தொகுப்பு, பழைய பரவலின் தொடர்ச்சி என்றது. 154 ஊழியர்களைச் சோதித்ததில் ஒருவர் தமக்கே தெரியாமல் அதைச் சுமந்துகொண்டிருந்தார். அவருக்குச் சிகிச்சை கொடுத்து அதை நீக்கினார்கள். குற்றவாளியைப் பிடித்ததாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை.

சென்னையில் கண்ட ‘தாவும் பிட்’டையும் இப்போது எழுத்துக்கு எழுத்து படிக்க முடிகிறது. பிளாஸ்மிட் வளையத்தைத் தனியே படித்து, ஈ.கோலையில் இருப்பதும் கிளெப்சியெல்லாவில் இருப்பதும் ஒரே வளையமா என்று சொல்லலாம். 2010-இன் ஜெல்லால் மறைமுகமாக ஊகிக்கத்தான் முடிந்தது.

இன்று, இங்கே

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013-இல் தொடங்கிய மருந்தெதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பில் வேலூர் சி.எம்.சி.யும் புதுச்சேரி ஜிப்மரும் முதன்மை மையங்களாக உள்ளன. வேலூர் நுண்ணுயிரியல் துறை கிளெப்சியெல்லாவின் முழு மரபணுத் தொகுப்புகளைப் படித்து வெளியிட்டுவருகிறது. எஸ்.டி. 231, எஸ்.டி. 2096 போன்ற எண்கள் இந்திய மருத்துவமனைகளில் அடிக்கடி தென்படுவது இப்படித்தான் தெரியவந்தது.

கடத்தூரிலிருந்து கடுமையான நோயாளியைத் தர்மபுரிக்கோ சேலத்துக்கோ கொண்டுபோவோம். அங்கிருந்து சிலரை வேலூருக்கோ பெங்களூருக்கோ அனுப்புவார்கள். நோயாளியோடு அவர் குடலில் இருக்கும் கிருமியும் ஆம்புலன்ஸில் போகிறது. பெதஸ்டாவில் நடந்தது போன்ற ஒன்றைக் கண்டுபிடிக்க எல்லா மருத்துவமனையிலும் மரபணு படிக்கும் கருவி வேண்டும் என்பதில்லை; கருவி இருக்கும் ஓர் ஆய்வகத்துக்குக் கிருமியை அனுப்பினால் போதும். ஆனால் அனுப்புவதற்குக் கிருமி இருக்க வேண்டும்.

2006, 2007-ஆம் ஆண்டுகளில் இந்திய மருத்துவமனைகளிலிருந்து ‘சென்ட்ரி’ என்ற பன்னாட்டுக் கண்காணிப்புத் திட்டத்துக்குப் போன கிருமிகள் உறைநிலையில் பத்திரமாக இருந்தன. பிறகு அவற்றை எடுத்துச் சோதித்தபோது 15 கிருமிகளில் என்.டி.எம்.-1 இருந்தது, டெல்லி, மும்பை, புனே ஆகிய மூன்று நகரங்களிலிருந்தும் வந்தவை. சுவீடன் நோயாளிக்கு முன்பே அது இங்கே இருந்தது என்று நமக்குத் தெரிவது அந்த உறைபெட்டியால்தான். சாதாரண ஆய்வகத்தில் கல்ச்சர் தட்டு, முடிவு எழுதிச் சில நாளில் ஆட்டோகிளேவில் வெந்து குப்பைக்குப் போய்விடும். என் பெரியம்மாவின் சீழில் வளர்ந்த கிளெப்சியெல்லாவும் அடுத்த இரண்டு கட்டில்களில் இருந்தவர்களுடையதும் அப்படித்தான் போயிருக்கும். தாளில் எழுதிய பெயர் மட்டும் எங்கள் வீட்டு அலமாரியில், எக்ஸ்ரே உறைக்குள் இருக்கிறது.